பாதியில் போனவர்கள்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. சாப்பாட்டு மேசையில் யார் ஆபீஸ் பேச்சை எடுக்கிறார்களோ அவர்தான் அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டும். சட்டம் போட்டது அத்தை, அதாவது என் மாமியார். போட வைத்தது நானும் அண்ணியும். அண்ணி என் கணவரின் அக்கா. அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஏசி, ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கச் சொல்லித் தருகிறார். நான் அதே துறையின் தலைமை அலுவலகத்தில், எந்த வகுப்பில் சேர்ந்தவர்களுக்கு வேலை கிடைத்தது, எந்த வகுப்பு சும்மா நாற்காலியைத் தேய்க்கிறது என்று கணக்கெடுக்கிறேன். ஒருத்தி வகுப்பெடுக்கிறவள், இன்னொருத்தி அந்த வகுப்புக்கே மார்க் போடுகிறவள். இந்த இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து வாயைத் திறக்கவும் விட்டால் சோறு ஆறிப்போகும் என்பது அத்தை பட்டுத் தெரிந்துகொண்டது.

எனக்கும் அந்தச் சட்டம் வசதியாகத்தான் இருந்தது. நாத்தனார் வகுப்பைப் பற்றி நாத்தனாரிடமே கேட்டு அறிக்கை எழுதினாள் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது, பாருங்கள். அந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கறார்.

அண்ணிக்கு வீட்டில் வைத்த பெயர் 'பாதி'. எந்த டீயையும் அவர் முழுதாகக் குடித்து யாரும் பார்த்ததில்லை. பாதி குடிக்கும்போது போன் அடிக்கும். எழுந்து போவார். கோப்பை ஜன்னல் விளிம்பில் இருக்கும், வாஷிங் மெஷின் மேல் இருக்கும், ஒரு தடவை செருப்பு வைக்கும் இடத்தில்கூட இருந்தது. அத்தை அதைத் தேடி எடுத்துக்கொண்டே வந்தவர்களிடம் சொல்வார்: "இவ எதைத்தான் முழுசா முடிச்சிருக்கா? காலேஜையே ரெண்டாவது வருஷத்துல பாதியில விட்டவ." அண்ணி சிரித்துக்கொண்டே அடுத்த அறைக்குப் போய்விடுவார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு ஒரு மாதிரியாக இருக்கும். ஆனால் மாமியாரும் மகளும் பேசுவதற்கு நடுவில் மருமகள் தலையை நீட்டினால் என்ன ஆகும் என்று தெரியாதா? வாயை மூடிக்கொள்வேன்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். துறையின் டேட்டாபேஸில் இரண்டு பெரிய அட்டவணைகள். ஒன்றில், பயிற்சியில் சேர்ந்த ஒவ்வொருவரும் எந்த வகுப்பு, எப்போது சேர்ந்தார், எப்படி வெளியேறினார் என்ற விவரம். இன்னொன்றில், நிறுவனங்கள் யார் யாருக்குச் சம்பளம் கொடுக்கின்றன என்ற விவரம். அடையாள எண்ணை வைத்து இரண்டையும் சேர்த்து, எஸ்.க்யூ.எல். என்ற மொழியில் கேள்வி எழுதினால் பதில் வரும். அத்தையிடம் ஒன்று கேட்டால் கேட்காத ஒன்பதுக்கும் பதில் வரும். டேட்டாபேஸ் அதற்கு நேர் எதிர். கேட்டதற்கு மட்டும்தான் பதில், அதுவும் கேட்ட மாதிரியே. கேள்வி கோணலாக இருந்தால் பதிலும் கோணலாகத்தான் வரும். ஆனால் வரிசை பிசகாமல், தசமப் புள்ளியெல்லாம் வைத்து, பவ்யமாக வந்து நிற்கும். பார்க்கிறவர்களுக்குச் சந்தேகமே வராது.

அந்த வாரம் நான் எழுதிய கேள்வி இது: பயிற்சியை முடித்தவர்களை எடு, அவர்களில் ஆறு மாதத்துக்குள் சம்பள அட்டவணையில் வந்தவர்கள் எத்தனை பேர் என்று பார், வகுப்புவாரியாகப் பிரித்து, அதிகத்திலிருந்து குறைவாக அடுக்கு. நல்ல சுத்தமான கேள்வி. எனக்கே பெருமையாக இருந்தது. பட்டனைத் தட்டினேன்.

கடைசி வரிசையில் அண்ணியின் வகுப்பு. நூற்றுக்கு இருபத்தெட்டு.

எங்கள் தலைமை அதிகாரிக்கு அலுவலகத்தில் 'சிவப்பு மேடம்' என்று பெயர். ஐம்பதுக்குக் கீழே இருக்கும் வரிசைகளுக்கெல்லாம் தன் கையாலேயே சிவப்பு நிறம் அடிப்பார். அடிக்கும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். சிவப்பான வகுப்பை வெள்ளிக்கிழமை கூடும் குழு இழுத்து மூடிவிடும். அண்ணியின் பட்டறை, மேடம் ரிப்பன் வெட்டித் தொடங்கிய கணினி அடிப்படை வகுப்புக்குப் போகும். அண்ணியைச் சாமான் கிடங்குக்குப் பொறுப்பாளராக உட்கார வைப்பதாக ஏற்பாடு. ஒரு டீயைக் குடிக்கும் நேரம்கூட ஓரிடத்தில் உட்காராத மனுஷியைக் கிடங்கில் உட்கார வைப்பதாம்! 

கேள்வியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எண்கள் சரி, இணைப்பு சரி, தேதிகள் சரி. அன்று இரவு மேசையில் அண்ணி எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"என்ன, சோத்துல கோலம் போட்டுட்டு இருக்க?" என்றார்.

"ஒண்ணுமில்ல, அண்ணி. தலைவலி."

"கம்ப்யூட்டரையே முறைச்சுப் பார்த்துட்டு இருந்தா தலை வலிக்காம என்ன செய்யும்?"

"ஆபீஸ் பேச்சு" என்று அத்தை கரண்டியால் மேசையைத் தட்டினார். அண்ணி பாத்திரம் கழுவப் போனார். பாதி கழுவும்போது போன் வந்துவிட்டது. மீதியை நான் கழுவினேன். அழுகையாக வந்தது.

மறுநாள் எங்கள் தளத்தில் ஏசி உயிரை விட்டது. பத்து மணிக்கே எல்லாரும் கோப்பு அட்டையை எடுத்து விசிற ஆரம்பித்துவிட்டோம். என் பக்கத்து இருக்கைக்காரர், கேள்வி எழுதுவதில் எனக்குச் சமமானவர்; ஆனால் கேள்வி முடிந்தது என்று டேட்டாபேஸுக்குச் சொல்லும் அரைப்புள்ளியைக் கடைசியில் வைக்க மட்டும் மறந்துவிடுவார். அதனால் அவர் பெயரே 'அரைப்புள்ளி' என்று ஆகிவிட்டது. அவர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, "சர்வருக்கு மட்டும் தனி ஏசி. நம்மள மனுஷனாவே நினைக்கல" என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

மதியம் மெக்கானிக் வந்தார். நாற்பதைத் தாண்டிய பெண்மணி, இடுப்பில் கருவிப் பை, காதோரம் ஒரு பென்சில். வந்ததும் மேசைமேல் ஏறி நின்று, ஏசியின் மூடியைக் கழற்றி, குழாயை ஸ்பேனரால் டக் டக்கென்று தட்டிவிட்டு, காதை அதன்மேல் ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் முனகினால் அண்ணி அச்சு அசலாக இதைத்தான் செய்வார். தட்டுவார், காதை வைப்பார், கண்ணை மூடுவார்.

"இந்தத் தட்டிப் பார்க்கறது எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"எங்க டீச்சர்கிட்ட. அரசாங்கப் பயிற்சி நிலையத்துல." மேலே இருந்தபடியே பேச ஆரம்பித்தார். "அதுக்கு முன்னாடி பஸ்ல கண்டக்டரா இருந்தேன் மேடம். முதுகு போயிடுச்சு. இப்ப பாருங்க, என் கம்பெனியில எனக்குக் கீழ ஆறு பேர்."

"கோர்ஸ் எப்ப முடிச்சீங்க?"

"எங்க முடிச்சேன்? நாலு மாசம்கூட ஆகல, கம்பெனிக்காரங்க வந்து ஆள் வேணும்னாங்க. நான் சர்டிபிகேட் வாங்கிட்டு வரேன்னு தயங்கினேன். டீச்சர் விடல. 'வேலையைக் கத்துக்கிட்ட, வேலையும் வந்தாச்சு, இன்னும் இங்க என்ன பெஞ்சைத் துடைக்கப் போறியா, கிளம்பு'ன்னு விரட்டி விட்டுட்டாங்க." அவர் சிரித்தார். "எங்க பேட்ச்ல தேறினவங்க எல்லாருமே அப்படித்தான் போனோம். கடைசி வரைக்கும் இருந்தவங்க, பாவம், இன்னும் கை வராதவங்க. அவங்களையும் டீச்சர் விடறதில்ல, கூடவே வச்சிருந்து பழக்குவாங்க."

நான் இருக்கையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதைவிட விழுந்தேன் என்பதே சரி. என் சுத்தமான கேள்வியின் நிபந்தனை வரி திரையில் அப்படியே நின்றுகொண்டிருந்தது: பயிற்சியை முடித்தவர்கள் மட்டும். மற்ற வகுப்புகளில் அதனால் கணக்கு இப்படித் தலைகீழாகியிருக்காது. ஆனால் அண்ணியின் வகுப்பில், வேலை கிடைத்தவர்கள் அத்தனை பேரையும் வாசலிலேயே நிறுத்திவிட்டு, இன்னும் கிடைக்காதவர்களை மட்டும் உள்ளே கூப்பிட்டு, 'ஏன் உங்களுக்கு வேலை கிடைக்கவில்லை' என்று கேட்டிருக்கிறேன்! நூற்றுக்கு இருபத்தெட்டு வந்ததே பெரிய விஷயம்.

அந்த மெக்கானிக் அட்டவணையில் எப்படி இருப்பார்? வெளியேறிய விதம் என்று ஆசிரியர்கள் பதிவு செய்யும் இடத்தில் எங்கள் மென்பொருளில் இரண்டே பட்டன்கள்தான். முடித்தார். இடைவிலகினார். சண்டை போட்டுக்கொண்டு போனவரும், சலித்துப் போய் நின்றவரும், ஆறு பேருக்கு மேலாளராகப் போனவரும் ஒரே பட்டனில் அடக்கம்.

கை பரபரத்தது. நிபந்தனை வரியை அழிக்கப் போனேன். அப்புறம்தான் உறைத்தது: அழிப்பது யார்? நாத்தனாருக்காக அண்ணன் மனைவி... இல்லை, தம்பி மனைவி. பதற்றத்தில் சொந்த உறவே குழம்பிவிட்டது. எழுந்து அரைப்புள்ளியிடம் போனேன்.

"ஒரு உதவி. வகுப்புப் பேர் எதுவும் தெரியாம, வெறும் வகுப்பு எண்ணை மட்டும் வச்சு நீங்களே ஒரு கேள்வி எழுதணும். முடிச்சாங்களா இல்லையான்னு பார்க்காதீங்க. வகுப்புல சேர்ந்து, எப்படியோ வெளிய போன எல்லாரும் கணக்குல வரணும். அதுல ஆறு மாசத்துக்குள்ள வேலைக்குப் போனவங்க எத்தனை பேர்? எல்லா வகுப்புக்கும் ஒரே அளவுகோல்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். காரணம் கேட்கவில்லை. ஆனால் ஒன்று கேட்டார்: "பாதியில போனவன் ஏதோ ஒரு கடையில மூட்டை தூக்கப் போயிருந்தா? அதையும் பயிற்சியோட பெருமைன்னு எழுதுவீங்களா?"

அதுதான் அரைப்புள்ளி. எனக்குத் தோன்றவே இல்லை. "அப்போ, எந்த மாதிரி நிறுவனம்னு பார்த்து, படிச்ச தொழிலோட சம்பந்தப்பட்டதை மட்டும் எண்ணுங்க" என்றேன். இப்படி வடிகட்டினால் எண்ணிக்கை குறையலாம் என்று தெரிந்துதான் சொன்னேன். 

அவர் எழுதினார். எழுதி முடித்துத் தட்டினார். திரை அசையவில்லை. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். மேலே மெக்கானிக் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடி திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார்.

"பெரிய அட்டவணை. நேரமாகும்" என்றார் அரைப்புள்ளி.

நின்றோம். விசிறிக்கொண்டோம். எனக்குத் தெரிந்த எல்லா சாமியையும் மனதுக்குள் வரிசையாகக் கூப்பிட்டேன். அப்போது என் கண் தற்செயலாகக் கேள்வியின் கடைசிக்குப் போனது.

"யோவ், அரைப்புள்ளி!"

"என்ன?"

"அரைப்புள்ளி எங்கய்யா?"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு வைத்தார். அடுத்த நொடி வரிசைகள் விழுந்தன. மேலே, எல்லாவற்றுக்கும் மேலே, அண்ணி வகுப்பின் எண். நூற்றுக்கு எண்பத்து மூன்று.

அதே நேரத்தில் தலைக்கு மேலே ஏசி ஒரு தும்மல் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தது. நான் கத்திய கத்தலில் தளமே திரும்பிப் பார்த்தது. குளிர்காற்று வந்த சந்தோஷத்தில் கத்துகிறாள் என்று நினைத்து எல்லாரும் கைதட்டினார்கள். மெக்கானிக் மேசைமேல் நின்றபடியே தலைகுனிந்து ஏற்றுக்கொண்டார். அந்தக் கைதட்டலுக்கு அவரும்தான் உரியவர் என்பதால் நான் திருத்தவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, குழு கூடுவதற்கு முன்பே சிவப்பு மேடத்தின் அறைக்குப் போனேன். இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மேடம் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார்.

"இந்த ஏசி வகுப்பு உன் நாத்தனாரோடது இல்ல?"

"ஆமா மேடம்."

"அவங்களுக்கு வக்காலத்து வாங்கறியா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "மேடம், நானும் என் நாத்தனாரும் ஒரே குளியலறையைப் பயன்படுத்தறவங்க. காலையில ஏழு மணிக்கு எங்க வீட்டுக்கு வந்து பாருங்க, வக்காலத்து வாங்கற உறவா அதுன்னு தெரியும். இந்த ரெண்டாவது கேள்வியை எழுதினதும் நான் இல்ல. எழுதினவருக்கு எந்த வகுப்பு யாரோடதுன்னே தெரியாது. நீங்களே வேற ஒருத்தரை விட்டு எழுதச் சொல்லுங்க. இதே எண்தான் வரும்."

மேடம் காகிதங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். விரலை வரிசைகளின்மேல் இறக்கிக்கொண்டே போனார். அவர் தொடங்கிய கணினி அடிப்படை வகுப்பு எழுபத்தொன்றிலிருந்து சறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஐம்பத்திரண்டில் நின்றிருந்தது. விரல் அங்கே கொஞ்ச நேரம் தங்கியது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"சேர்ந்தவங்கள்ல பாதிப் பேர் இங்க எங்க போறாங்க?" என்று கேட்டார்.

"தெரியல மேடம். இவ்வளவு நாள் நாம அவங்களைக் கேட்கவே இல்ல."

மேடம் கண்ணாடியை மேலே ஏற்றினார். கோபக்காரர்தான், சிவப்புப் பிரியர்தான். ஆனால் எண்ணைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறவர் இல்லை. அன்றைக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. குழுவில் அவரே எழுந்து பேசினார். ஏசி வகுப்பு தொடரும், இன்னொரு பிரிவும் தொடங்கும்; மென்பொருளில் இன்றே மூன்றாவதாக ஒரு பட்டன் சேர்க்க வேண்டும் என்று முடிவானது. அதில் என்ன எழுதுவது என்பதற்குத்தான் நேரமானது. ஆளுக்கொரு நீளமான தொடரைச் சொன்னார்கள். கடைசியில் அரைப்புள்ளி சொன்னதை வைத்தார்கள்: வேலைக்குப் போனார்.

அன்று இரவு நாலு பேரும் மேசையில் உட்கார்ந்ததும் நான் கையைத் தூக்கினேன். "இன்னிக்குப் பாத்திரம் என்னோடது. அதனால நான் பேசப்போறேன்" என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். ஏசி நின்றதிலிருந்து மூன்றாவது பட்டன் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். என் கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அண்ணியின் முகம் முதலில் சிவந்தது.

"என் கிளாஸை மூடப் பார்த்தியா நீ?"

"மூடத்தான் பார்த்தேன். அப்புறம் நானேதான் ரெண்டாக்கினேன்."

"ரெண்டா?" என்றார். "ரெண்டு பிரிவா? நிஜமாவா?" எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்து, என் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்துவிட்டு, அந்த இடத்திலேயே முத்தமும் கொடுத்தார். பத்து வருஷத்தில் அண்ணி என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. குட்டு நன்றாகவே வலித்தது.

"ஏன் அண்ணி, ரெண்டு பட்டன்தான் இருக்கு, நல்லாப் போறவங்களும் இடைவிலகல்ல விழறாங்கன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எங்க சொல்றது? இந்த வீட்டுலதான் ஆபீஸ் பேச்சே பேசக் கூடாதே!"

மூன்று பேரும் அத்தையைப் பார்த்தோம். அத்தை தட்டைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, கேட்டதற்குக்கூட அவரிடமிருந்து பதில் வரவில்லை. எழுந்து அடுப்படிக்குள் போனார். கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் அண்ணிக்கு டீ.

"அந்த மூணாவது பட்டன்ல என்ன எழுதியிருக்குன்னு சொன்ன?" என்று என்னைக் கேட்டார்.

"வேலைக்குப் போனார்னு, அத்தை."

கோப்பையை அண்ணியின் முன்னால் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"உன் மாமனார் படுக்கையில விழுந்த வருஷம்" என்றார், என்னிடம்தான் சொல்கிற மாதிரி. "வீட்டுல சம்பாதிக்க ஆள் இல்ல. ஐஸ் ஃபேக்டரியில கூப்பிட்டாங்கன்னு இவ போனா, இந்தத் தொழிலைக் கத்துக்கிட்டதே அங்கதான். பத்தொன்பது வயசு. அந்தச் சம்பளத்துலதான் உன் புருஷன் படிச்சு முடிச்சான். நான் என்னடான்னா, வரவங்க போறவங்க எல்லார்கிட்டயும் படிப்பைப் பாதியில விட்டவன்னு சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன்." கோப்பையை அண்ணியின் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். "இவ பாதியில விடல. வேலைக்குப் போனா."

அண்ணி சிரித்தார். இந்தத் தடவை எழுந்து அடுத்த அறைக்குப் போகவில்லை. சிரித்துக்கொண்டே அழுதார், மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார், டீயை எடுத்து இரண்டு வாய் குடித்தார். போன் அடித்தது.

"சொல்லுங்க... ஆமா... எத்தனை பேர், ரெண்டு பேரா? குளிர்பதனக் கிடங்குக்கா? இருக்காங்க, இருக்காங்க, நாளைக்கே அனுப்பறேன்!" கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வாசலுக்கு நடந்துகொண்டிருந்தார்.

"மூணாவது பட்டன், அண்ணி!" என்று கத்தினேன். "மறக்காம மூணாவது பட்டன்!"

அத்தை ஜன்னலுக்குப் போனார். அந்தப் பாதி டீயை எடுத்து, கொட்டாமல், ஒரு தட்டைப் போட்டு மூடி வைத்தார்.

என் முறை என்பதால் நான் அடுப்படிக்குப் போனேன். அங்கே குழாய் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. என் கணவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி, மளமளவென்று தேய்த்துக்கொண்டிருந்தார். அன்றைய பாத்திரம் முழுவதையும் அவர்தான் கழுவினார். அன்றைக்கு அவர் ஆபீஸைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.